மஞ்சள் முடிச்சுக் கட்டிய நீலப் பெட்டி

என் அம்மா என்னை ஒரேயொரு தடவைதான் வாய்திறந்து பாராட்டியிருக்கிறார். அதுவும் நான் செய்த ஏதாவது நல்ல காரியத்துக்காக அல்ல. விமான நிலையத்திலிருந்து யாரோ ஒருவருடைய சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு வந்ததற்காக. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இடையில் நீங்களாகவே கண்டுபிடித்து "உவன் ஆள் சரியில்லை" என்று சொல்லுமட்டும் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுமையில்லை.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. புதுக்குடியிருப்பில் ஒரு ரியூசன் கொட்டிலில் புவியியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். உலகப் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் கீறுவேன். எந்த நாட்டில் எந்த ஆறு எந்த இடத்தில் வளைகிறது என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஆனால் வவுனியாவுக்குத் தெற்கே நான் போனது மொத்தம் நாலு தரம். (அதில் ஒன்று பஸ்ஸில் நித்திரையாகி, இறங்கவேண்டிய இடம் தவறியதால்.) விமானமும் அப்படித்தான். எங்கள் பக்கத்தில் வளர்ந்த பிள்ளைக்கு விமானச் சத்தம் கேட்டால் ஏறுகிற ஆசை வராது, சண்டைக்காலத்துப் பங்கருக்குள் இறங்குகிற ஞாபகம்தான் வரும்.

இந்த இலட்சணத்தில்தான் அண்ணாவுக்குக் கலியாணம் பொருந்தி வந்தது. பெண் புதுக்குடியிருப்பு. எங்கள் வழக்கத்தில் தாலியையும் கூறைச் சீலையையும் மாப்பிள்ளை வீட்டார்தான் கொண்டுபோக வேண்டும். தட்டில் வைத்துச் சபை முழுக்கக் கொண்டுபோவார்கள், பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதிப்பார்கள், பெண் உள்ளே போய் அந்தக் கூறையை உடுத்திக்கொண்டு வந்தால்தான் தாலி ஏறும். கூறை வராவிட்டால் ஐயர் எவ்வளவு மந்திரம் சொன்னாலும் கலியாணம் நகராது.

அம்மாவுக்கு அந்தக் கூறை சென்னையிலிருந்துதான் வரவேண்டும். ஏனென்றால் சின்னம்மாவின் மகளுக்குச் சென்னையிலிருந்து வந்தது. இதற்குமேல் காரணம் கேட்பவர்களுக்கு அக்கா தங்கச்சியோடு பிறந்தவர்களைத் தெரியாது. ஆனால் போவது யார்? அம்மாவுக்குப் பிரஷர். அக்காவுக்குக் கைக்குழந்தை. அண்ணாவுக்குக் கொழும்பில் லீவு இல்லை. அப்பாவுக்கு அறுவடை. ("கூறை எண்டு ஒண்டிருந்தாக் காணும்தானே, கிளிநொச்சியில இல்லாத சீலையோ?" என்று கேட்டு, இரண்டு நாள் ஆறின தேத்தண்ணி குடித்தார்.)

"நான் போறன்" என்றேன்.

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீயோ? உன்னை உப்பு வாங்கக் கடைக்கு விட்டா சீனியோட வாறனீ."

"இப்ப வீடியோவில பாத்து எடுக்கலாம் அம்மா. நீங்கள்தான் தெரிஞ்செடுக்கப் போறியள். நான் தூக்கிக்கொண்டு வாறது மட்டும்தான்."

"அதுதான் எனக்குப் பயம்."

அம்மா ஒன்றை நல்லது என்று சொல்லிக் கேட்பது குதிரைக்கொம்பு. அவருடைய அகராதியில் ஆகக் கூடிய பாராட்டு "பரவாயில்லை". நான் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்ட செய்தியை ஓடிவந்து சொன்னபோது மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் நிமிராமலே "பரவாயில்லை, வாளியை அங்கால எடுத்து வை" என்றார். அப்படிப்பட்டவர் என்னை வெளிநாட்டுக்கு அனுப்பச் சம்மதித்தது, வேறு ஆள் இல்லாத ஒரே காரணத்தால்தான்.

கிளிநொச்சியில் போய் நீலச் சூட்கேஸ் ஒன்று வாங்கினேன். "இதுதான் தம்பி இப்ப நல்லா ஓடுது" என்றார் கடைக்காரர். நல்லா ஓடுகிறது என்றால் வன்னியில் பாதிப்பேரிடம் அது இருக்கிறது என்று அர்த்தம் என்பது அந்தப் புவியியல் மூளைக்கு ஏறவில்லை. பூட்டுக்கு மூன்று பூச்சியம். மாற்றிவிடலாம் என்றார், எப்படி என்று அவருக்கும் தெரியவில்லை.

வெளிக்கிடுகிற அன்று அம்மா வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்து, மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து, சாமியறையில் வைக்கவேண்டியதைச் சூட்கேஸின் கைபிடியில் கட்டிவிட்டார். "பெட்டி பத்திரமா வந்து சேரவேணும்" என்று வாய்விட்டே வேண்டினார். பெட்டிதான். என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது. இந்தப் பயணத்துக்கென்றே நான் ஐம்பது விசிட்டிங் காட் அடித்திருந்தேன். பெயர், அதற்குக் கீழே "புவியியல் விற்பன்னர்", அதற்குக் கீழே எங்கள் ஊர் முரசுமோட்டை, தொலைபேசி இலக்கம். அப்பேர்ப்பட்ட விற்பன்னர் மஞ்சள் துணி கட்டின பெட்டியோடு சென்னையில் இறங்குவதா என்று, பலாலியில் விமானம் ஏறுமட்டும் அந்த முடிச்சைக் கையால் பொத்திக்கொண்டே போனேன். (ஐம்பது காட்டில் நாற்பத்தொன்பது திரும்பி வந்தது. ஒன்றைத் தங்கிய லொட்ஜ்காரரிடம் கொடுத்தேன். அவர் அதை மடித்துப் பல்லுக் குத்தினார்.)

கூறை எடுத்தது ஒரு மத்தியானம் முழுக்க. கடைப்பெண் ஒவ்வொன்றாக விரிக்க, நான் போனைப் பிடிக்க, முரசுமோட்டையிலிருந்து அம்மாவின் முகத்தில் பாதி மட்டும் தெரிந்தது. கடைசியில் அகலத் தங்கக்கரை போட்ட அரக்கு நிறச் சீலை ஒன்றைப் பார்த்து "பரவாயில்லை" என்றார். அதாவது அவருக்கு அது உயிர். கட்டி வாங்கிக்கொண்டேன்.

மிச்ச இரண்டு நாளும் சென்னையை நான் ஆராய்ந்தேன். மூன்று ஜீன்ஸ், ஒரு கறுப்புக் கண்ணாடி, தலைக்குப் பூசுகிற ஜெல், முகம் வெளுக்கிற கிறீம். எல்லாம் எனக்கு. வீட்டாருக்கு என்ன வாங்கினாய் என்று மட்டும் கேட்காதீர்கள். வாங்கவேண்டும் என்று நினைத்திருந்தேன், அது உண்மை.

திரும்புகிற நாள் புது ஜீன்ஸ் ஒன்றைப் போட்டுக்கொண்டேன். கொஞ்சம் பெருப்பமாக எடுத்தால் கனகாலம் போடலாம் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஆகவே அதற்கு பெல்ட் கட்டாயம். சென்னை விமான நிலையத்தில் பெல்ட்டைக் கழற்றித் தட்டில் போடச் சொன்னார்கள், போட்டேன். தட்டு உள்ளே போய் மறுபக்கம் வந்தது. போனை எடுத்தேன், பேர்ஸை எடுத்தேன், கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டினேன், நடந்தேன். விமானத்துக்குள் இருக்குமட்டும் ஒன்றும் தெரியவில்லை. பலாலியில் எழும்பியபோதுதான் ஜீன்ஸ் என்னோடு எழும்பவில்லை என்பதைக் கண்டேன்.

ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பெட்டி எடுக்கிற இடத்துக்கு வந்தேன். நீலப் பெட்டி, கைபிடியில் மஞ்சள் துணி, காசு முடிந்த முடிச்சு. எனக்கு உயிர் வந்தது. பெட்டியில் ஒட்டியிருக்கிற இலக்கமும் நம்மிடம் தந்த துண்டில் இருக்கிற இலக்கமும் சரியா என்று பார்த்து எடுக்கவேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் துண்டு பின் பொக்கற்றில் இருந்தது. ஒரு கையில் பெட்டி, மறு கையில் ஜீன்ஸ். துண்டை எடுப்பதென்றால் ஏதாவது ஒன்றை விடவேண்டும், பெட்டியை விட்டால் பின்னால் நிற்கிறவர்கள் இடிப்பார்கள், மற்றதை விட்டால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அதோடு, அம்மன் வைத்த அடையாளத்துக்கு மேல் என்ன இலக்கம் என்று நினைத்தேன். போகும்போது கையால் பொத்தின அதே முடிச்சை வரும்போது கண்ணில் ஒற்றாத குறையாகப் பார்த்துக்கொண்டு வெளியே வந்து வான் வண்டியில் ஏறினேன்.

சனிக்கிழமை மத்தியானம் வீடு. சின்னம்மா ஏற்கெனவே வந்து கதிரை போட்டு இருந்தார். "வந்திட்டான், வந்திட்டான்" என்று அக்கா பெட்டியை வாங்கினார். நான் முதலில் குளிக்கவேண்டும் என்று கிணற்றடிக்கு ஓடினேன். குளித்துவிட்டு, துவாயோடு உள்ளே வந்தால், பெட்டி திறந்து கிடக்கிறது. (மூன்று பூச்சியம்.) கட்டிலில் வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் கூறை.

மாம்பழ மஞ்சள். பச்சைக் கரை.

பக்கத்தில் பார்க்கிறேன்: அக்கா ஒரு மெல்லிய பருத்திச் சீலையை அம்மாவின் தோளில் வைத்து "அம்மா, உங்களுக்கெண்டு எடுத்திருக்கிறான்" என்கிறார். சின்னம்மா ஒரு தைலப் போத்தலைத் திறந்து முழங்காலுக்குத் தேய்க்கத் தொடங்கிவிட்டார். வயலால் வந்த அப்பா ஒரு வாசிப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாள்காட்டியைப் பார்த்து, "எனக்கு அளவெடுத்த மாதிரி இருக்கு" என்று ஆச்சரியப்படுகிறார். நான் எனக்கு வாங்கின ஜெல்லும் இல்லை, கிறீமும் இல்லை. யாரோ ஒரு நல்ல மனுசர் என் குடும்பத்துக்குச் செய்யவேண்டிய எல்லாவற்றையும் செய்து வைத்திருந்தார்.

"இது எங்கட பெட்டி இல்லை" என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் சின்னம்மா முந்திவிட்டார்.

"என்னக்கா, அரக்கு எண்டெல்லோ சொன்னனீங்கள்? இது மாம்பழக் கலரா இருக்கு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா சீலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். துவாயைப் பிடித்துக்கொண்டு முழித்துக்கொண்டு நின்ற என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சின்னம்மாவின் பக்கம் திரும்பி, "கலர் மாறினா என்ன? நல்லாயிருக்கு. வடிவாத் தெரிஞ்சுதான் எடுத்திருக்கிறான்" என்றார்.

நல்லாயிருக்கு. இருபத்தேழு வருடத்தில் முதல்முறை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. திறந்த வாய் திறந்தபடி இருக்க, அதற்குள்ளிருந்து வேறு ஒரு கதை வெளியே வந்தது: "அந்த அரக்கில ஒரு இடத்தில நூல் இழுபட்டிருந்ததம்மா. அதான் கடைசி நேரம் மாத்தினனான்."

பொய்க்குக் கால் இல்லை என்பார்கள். அன்று அது எழும்பி நடந்து போய்க் குசினியில் தேத்தண்ணியும் குடித்தது.

பெட்டி மூடியின் உட்பக்கப் பையில் ஒரு கொப்பி இருந்தது. யாரும் காணுமுன் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். முத்து முத்தான எழுத்து. பெட்டியிலுள்ள பொருட்கள் எல்லாம் இலக்கமிட்டு, ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு சரி. முதல் பக்கத்தில் பெயர்: திருமதி இராசமலர், ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர், விசுவமடு. தொலைபேசி இலக்கம் சிவப்பு மையில், அடிக்கோடு போட்டு.

விசுவமடு எங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரம். அதே நெடுஞ்சாலை. ஒரு அழைப்பு எடுத்தால் சாயந்தரத்துக்குள் எல்லாம் சரி. அந்தக் கொப்பியை நான் என்ன செய்தேன் என்றால், என் மெத்தைக்குக் கீழே வைத்தேன்.

பின்னேரம் போன் அடித்தது. தெரியாத இலக்கம். ஆனால் எனக்குத் தெரிந்த இலக்கம், ஏனென்றால் அதைச் சிவப்பு மையில் பார்த்திருந்தேன். என் பெட்டிக்குள் நாற்பத்தொன்பது விசிட்டிங் காட் இருந்ததை நினைத்து நானே என் தலையில் அடித்துக்கொண்டேன். நாளைக்கு எடுத்துச் சொல்லுவோம், இன்றைக்கு ஒரு நாள் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டுப் போவோம் என்று போனை நெல் மூட்டைக்குள் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அம்மா எனக்கு மீனில் நடுத்துண்டு போட்டார். (எங்கள் வீட்டில் நடுத்துண்டு அண்ணாவுக்குரியது, அவர் கொழும்பில் இருந்தாலும்.) அதைத் தின்றுகொண்டு எப்படி உண்மை பேசுவது? நெல் மூட்டை அன்று பதினொரு தரம் முனகியது.

திங்கட்கிழமை ரியூசனுக்குப் போகிறபோது போனையும் எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று உண்மையாகவே முடிவெடுத்திருந்தேன். வாசலில் அக்கா, "கூறைத் தொங்கலில இருந்த சட்டைத் துணியை வெட்டி எடுத்துக் காலமையே வதனியக்காவிட்டக் குடுத்தாச்சு" என்றார். வதனியக்கா எங்கள் ஒழுங்கையில் தைக்கிறவர். வரப்போகிற அண்ணியின் அளவுச்சட்டை ஏற்கெனவே அவரிடம் இருந்தது. மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு பறந்தேன்.

"அக்கா, வெட்டிப்போடாதேங்கோ!"

வாயில் ஊசியோடு அவர் நிமிர்ந்தார். "வெட்டி, தைச்சு, இப்ப கொக்கி வைக்கிறன் தம்பி. கலியாணச் சட்டை எண்டு விடிய எழும்பித் தைச்சனான். வடிவாயிருக்கோ?"

இருந்தது. அதுதான் வினை. அந்த நேரம்வரை நான் பெட்டியைத்தான் நினைத்திருந்தேன். அப்போதுதான் விளங்கியது, அந்தச் சட்டை வேறு எங்கோ ஒரு பெண் தாலி ஏறுகிற நேரம் போடவேண்டியது.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வாசல் படலையில் ஒரு ஓட்டோ வந்து நின்றது. முதலில் இறங்கியது நீலப் பெட்டி. மஞ்சள் முடிச்சு. பிறகு வெள்ளைச் சீலை உடுத்து, குடை பிடித்து, நிமிர்ந்த ஒரு பெண்மணி, கொப்பிக்குரிய இராசமலர் ரீச்சர். என் விசிட்டிங் காட்டைப் படலையோடு வைத்துச் சரிபார்த்தார்.

"புவியியல் விற்பன்னர் வீட்டில நிக்கிறாரோ?"

அம்மா, "வாங்கோ, இருங்கோ" என்று கதிரை போட்டார். அன்று பார்த்து அம்மா அந்தப் பருத்திச் சீலையை உடுத்திருந்தார். ரீச்சர் அந்தச் சீலையைத் தலைப்பிலிருந்து கரைவரை பார்த்தார். உள்ளேயிருந்து அப்பா அந்தக் கண்ணாடியோடு பத்திரிகையும் கையுமாக வந்தார். ரீச்சர் அதையும் பார்த்தார். சின்னம்மா வந்து பக்கத்தில் இருந்ததும் தைல வாசம் எழும்பியது. ரீச்சர் மெதுவாக மூச்சை இழுத்தார். பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பு முழுக்கப் பார்த்து எழுதினதைக் கண்டுபிடித்த அதிபரின் அமைதி அது.

பிறகு என்னைப் பார்த்து, சாதாரணமாக, "தம்பி, என்ர கொப்பியை எடுத்துக்கொண்டு வாரும்" என்றார்.

நான் எந்தக் கொப்பி என்று கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. அதிபர் சொன்னால் எழும்பிப் போகிற பழக்கம் எலும்பில் இருக்கிறது. நேரே போய் மெத்தையைத் தூக்கி, கொப்பியை எடுத்துக்கொண்டு வந்து இரண்டு கையாலும் நீட்டினேன். நீட்டிய பிறகுதான் வீடே என்னைப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டேன்.

ரீச்சர் கொப்பியைத் திறந்து பேனையை எடுத்தார். "ஒன்பது, வாசிக்கிற கண்ணாடி." அப்பா கழற்றினார். "பதினாலு, தைலம்." சின்னம்மா முழங்காலை மூடினார். "ஆறு, பருத்திச் சீலை." அம்மாவுக்கு முகம் கறுத்து, பிறகு சிவந்து, என் பக்கம் திரும்பியது.

"இது உவரின்ர பெட்டி" என்றார் ரீச்சர். அக்கா திறந்தார். மூன்று ஜீன்ஸில் இரண்டு, ஜெல், முகம் வெளுக்கிற கிறீம், காட் கட்டு. எல்லாவற்றுக்கும் அடியில் அரக்குச் சீலை. வீட்டாருக்கு ஒரு சீப்புக்கூட இல்லை. அந்தக் கிறீமைச் சின்னம்மா எடுத்துத் திருப்பித் திருப்பி வாசித்ததை நான் சாகுமட்டும் மறக்கமாட்டேன்.

"நானும் பிழைதான்" என்றார் ரீச்சர். "முப்பது வருசம் பிள்ளையளுக்குச் சரிபாத்து எழுதச் சொல்லிக் குடுத்தனான். மஞ்சள் துணியைக் கண்டவுடன துண்டைப் பாக்கேல்ல. ஆனா தம்பி, முதல் பக்கத்தில பேர், ஊர், நம்பர் எல்லாம் கிடக்கு. நானும் எத்தினை தரம் எடுத்தன். மூண்டு நாளா நீர் ஏன் பேசாம இருந்தனீர்?"

நான் நிலத்தைப் பார்த்தேன்.

"உண்மையைச் சொல்லும்."

"அம்மா நல்லாயிருக்கெண்டு சொன்னவா, ரீச்சர். அவா எனக்கு ஒருநாளும் அப்பிடிச் சொன்னதில்லை. அதை விட மனம் வரேல்ல."

இருபத்தேழு வயது ஆம்பிளை, கண்ணீர் விட்டேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. விட்டேன். அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு மறுபக்கம் திரும்பினார்.

"அட மடையா" என்றார் அம்மா. "எனக்கு உந்தக் கலரைக் கண்ணிலயும் காட்டேலாது."

நான் நிமிர்ந்தேன்.

"முதல் முதல் தனியப் போட்டு வந்த பிள்ளை. சொன்னதை விட்டிட்டு எதையோ மாத்தி எடுத்துக்கொண்டு வந்து, துவாயைப் பிடிச்சுக்கொண்டு முழிசிக்கொண்டு நிண்டாய். நாலு பேருக்கு முன்னால உன்ர முகம் வாடக்கூடாதெண்டுதான் நல்லாயிருக்கெண்டு சொன்னனான். உந்தச் சீலையை நினைச்சு எனக்கு மூண்டு நாளா நித்திரையில்லை. மாம்பழச் சாறு ஊத்தின துணி மாதிரி. ஆரெண்டாலும் காசு குடுத்து உப்பிடி ஒண்டை வாங்குவினமோ எண்டு…"

"நான் வாங்கினனான்" என்றார் ரீச்சர். "நாலு மணித்தியாலம் கடையில நிண்டு."

அம்மா நாக்கைக் கடித்தார். அப்பா, "தேத்தண்ணி போடுங்கோவன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

"உங்கட அரக்கையும் பாத்தனான்" என்றார் ரீச்சர், மிகவும் மரியாதையாக. "யன்னலுக்குப் போட நல்லாயிருக்கும்."

சின்னம்மாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோசத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. ஆனால் அது நீடிக்கவில்லை. அக்கா மெல்ல, "ரீச்சர், சட்டைத் துணி…" என்று தொடங்கி, வெட்டித் தைத்தாகிவிட்டது என்பதைச் சொல்லி முடித்தார்.

ரீச்சரின் கையிலிருந்த பேனை நின்றது. "வெள்ளிக்கிழமை மகன்ர கலியாணம்" என்றார். குரலில் அதிபர் இல்லை. "எனக்கு உவன் ஒருத்தன்தான். தேப்பன் இல்லாத பிள்ளை. கூறையிலயெண்டாலும் ஒரு குறையும் வரக்கூடாதெண்டுதான் நானே நேர போனனான்."

வெள்ளிக்கிழமைதான் அண்ணாவுக்கும். ஊரில் நல்ல நாள் ஒன்று வந்தால் எல்லோருக்கும் அதுதான் நல்ல நாள். அந்த நேரம் எனக்கு வந்த வெட்கம் ஜீன்ஸ் கழன்றிருந்தால்கூட வந்திராது. நடுத்துண்டு மீனுக்காக ஒரு மனுசியின் ஒரே பிள்ளையின் கலியாணத்தில் கைவைத்திருந்தேன்.

அம்மா எழும்பினார். கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்தார். அரக்குச் சீலையை விரித்து, அதன் தொங்கலில் சேர்ந்திருந்த சட்டைத் துணியை, நேராக வெட்டி, மடித்து, ரீச்சரின் கையில் வைத்தார்.

"உங்கட மருமகளுக்கு இதைத் தைப்பியுங்கோ. மாம்பழத்துக்கு அரக்கு சேரும். எங்கட மருமகள் அரக்குக்கு உங்கட சட்டையைப் போடட்டும், அது தைச்சாச்சுத்தானே. வதனியிட்ட நான் சொல்லுறன், இண்டைக்கே தைச்சுத் தருவா."

ரீச்சர் அந்தத் துணியைத் தன் கூறையின்மேல் வைத்துப் பார்த்தார். கனநேரம் பார்த்தார். "பாப்பம்" என்றார். பிறகு சட்டென்று கேட்டார்: "உங்கட நேர்த்தி என்ன?"

"பெட்டி பத்திரமா வந்து சேரவேணும் எண்டு."

"நானும் அதைத்தான் கேட்டனான்."

இரண்டு பேரும் இரண்டு முடிச்சையும் பார்த்தார்கள். இரண்டு பெட்டியும் ஒரு கீறல்கூட இல்லாமல் பத்திரமாகத்தான் வந்திருந்தன. யாரிடம் என்பதை ஒருவரும் சொல்லவில்லை. முதலில் ரீச்சருக்குத்தான் சிரிப்பு வந்தது. பிறகு அம்மாவுக்கு. தைலம் பூசின முழங்காலில் தட்டிச் சிரித்தார் சின்னம்மா.

வெளிக்கிடும்போது அம்மா சீலையை மாற்றிக்கொண்டு வருவதாக எழும்பினார். ரீச்சர் விடவில்லை. "உடுத்திருங்கோ. உங்களுக்கு நல்லாயிருக்கு" என்றார். அது உண்மையா, பதிலடியா என்று எங்கள் வீட்டில் இன்றைக்கும் இரண்டு கட்சி.

வெள்ளிக்கிழமை ஒரே முகூர்த்தத்தில் விசுவமடுவில் ஒரு பெண் மாம்பழக் கூறைக்கு அரக்குச் சட்டையும், புதுக்குடியிருப்பில் அண்ணி அரக்குக் கூறைக்கு மாம்பழச் சட்டையும் போட்டுத் தாலி ஏற்றுக்கொண்டார்கள். "இது என்ன மாறின கலர்?" என்று கேட்டவர்களுக்கெல்லாம், "சென்னையில இப்ப இதுதான்" என்று சின்னம்மா பதில் சொன்னார். அதற்குப் பிறகு வதனியக்காவிடம் மாறின கலரில் சட்டை தைக்கக் கேட்டு வந்தவர்களுக்குக் கணக்கில்லை. எனக்கு ஒருவரும் நன்றி சொல்லவில்லை.

இந்தக் கதையால் உண்மையான நட்டம் அம்மாவுக்குத்தான். அன்றிலிருந்து அம்மா எதையாவது நல்லாயிருக்கு என்றால் வீட்டில் யாரும் நம்புவதில்லை. அண்ணா புது மோட்டார் சைக்கிள் வாங்கிக்கொண்டு வந்தபோது அம்மா பார்த்து "நல்லாயிருக்கு" என்றார். அண்ணா அடுத்த நாளே அதைக் கொண்டுபோய்க் கடையில் என்ன பழுது என்று பார்க்கச் சொன்னார். "இது சரியில்லை" என்று அம்மா ஏசினால்தான் எங்களுக்கு ஆறுதல்.

பிறகு எனக்கும் கலியாணம் நடந்தது. (கூறை எடுக்க நான் அனுப்பப்படவில்லை.) என் மனைவி வவுனியாக்காரி. கலியாணத்துக்கு முதலே அண்ணி அவளுக்கு இந்தக் கதை முழுவதையும் சொல்லிவைத்திருந்தார். அவள் எங்கள் குசினியில் முதல் முதல் சமைத்த அன்று எல்லோரும் சாப்பிட இருந்தோம். அம்மா மீன் குழம்பைக் குழைத்து ஒரு வாய் வைத்தார். இன்னொரு வாய் வைத்தார். மனம் நிறைந்துபோய்த் தன்னை மறந்து, "நல்லாயிருக்கு" என்றார்.

எல்லோருடைய கையும் சாப்பாட்டுக் கோப்பையில் நின்றது. மனைவி என்னைப் பார்த்தாள். அவளுடைய கண் நிறையத் தொடங்கியது.

"உண்மையாத்தான் பிள்ளை" என்றார் அம்மா பதறிப்போய்.

"ஓம், ஓம்" என்றார் அப்பா, ஒரு மாதிரியான குரலில்.

அம்மா எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். ஒருவரும் நம்பவில்லை. உடனே கோப்பையை நீட்டி இன்னொரு தரம் சோறும் குழம்பும் வாங்கிச் சாப்பிட்டார். மனைவியின் முகம் தெளியவில்லை. மூன்றாவது தரமும் வாங்கினார். சட்டியின் அடியிலிருந்த குழம்பையும் வழித்துச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அவள் சிரித்தாள்.

பின்னேரம் அம்மாவால் எழும்ப முடியவில்லை. மனைவிதான் ஓமத்தண்ணி அவித்துக் கொடுத்தாள். அம்மா அதை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, எப்படி இருக்கிறது என்று மட்டும் சொல்லவேயில்லை.